சத்தம் போடக்கூடாத வீடு

சகாதேவன் பேச்சை நிறுத்தியது 1971ஆம் வருஷம், பங்குனி மாதம். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் அவனுக்கும் அவன் அண்ணன் தருமனுக்கும் பொதுவில் மூன்று ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. மோட்டார் போடுவதற்கு ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று முறை வைத்திருந்தார்கள். ஒருநாள் தருமன் தன் முறை முடிந்த பிறகும் வேர்க்கடலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தான். சகாதேவன் வரப்பில் நின்று கத்தினான். கடைசியாக, "நீ செத்தாதான் எனக்குத் தண்ணி கெடைக்கும்" என்றான். தருமன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். மூன்றாம் நாள் காலை, ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டவன் மோட்டார் கொட்டகையிலேயே விழுந்து கிடந்தான். அப்போது அவனுக்கு வயது முப்பத்து நான்கு.

காரியம் முடிந்ததிலிருந்து சகாதேவன் வாயைத் திறக்கவில்லை. துக்கம், நாளானால் சரியாகிவிடும் என்று ஊரில் சொன்னார்கள். சரியாகவில்லை. வேண்டியதை ஒரு சின்ன சிலேட்டில் எழுதிக் காட்டினான். நிலத்தை அண்ணி தனத்திடம் அப்படியே விட்டுவிட்டு, அடுத்த வருஷம் மனைவி சரோஜாவோடு திருவண்ணாமலைக்கு வந்துவிட்டான்.

செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி, மெட்ராஸ்காரர் ஒருவர் ஐந்து அறைகளை வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். வேறு ஊராக இருந்தால் பேசாத ஆளை இந்த வேலைக்கு யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே அறை கேட்டு வருகிறவர்களே அமைதியைத் தேடி வருகிறவர்கள். மெட்ராஸ்காரர் சகாதேவனைப் பார்த்ததும் சம்மதித்தார். கேட்டில் 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகையும் மாட்டினார். பின்பக்கம், கிணற்றை ஒட்டி, இவர்களுக்கு ஓர் அறையும் சமையல்கட்டும்.

இரண்டொரு வருஷத்தில் அவனுக்கு 'மௌனசாமி' என்று பெயர் விழுந்தது. தங்க வந்தவர்கள் கும்பிட்டார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி போளூரிலிருந்து வரும் ஓர் அம்மாள் அவனுக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிவருவாள். வெள்ளைக்காரி ஒருத்தி காலில் விழப்போனாள். அவன் பின்னால் நகர்ந்துகொண்டான். தான் சாமி இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். அவன் திறக்கவில்லை.

சரோஜா அவலூர்பேட்டைக்காரி. ஏழு பிள்ளைகள் இருந்த வீட்டில் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசியே வளர்ந்தவள். வந்த புதிதில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள். ஆனால் அவன் பதிலை எழுதி முடிப்பதற்குள் கேட்டவளுக்குக் கேட்ட ஆசை போய்விடும். மெல்ல மெல்ல, தேவைக்கு மட்டும் பேச ஆரம்பித்தாள். பிறகு அதுவும் பாதியாகக் குறைந்தது. தட்டை வைத்தால் சாப்பாடு, வாளியை எடுத்தால் தண்ணீர். சொல்லாமலே எல்லாம் நடந்தது.

உண்ணாமலை பிறந்தது 1974இல். குழந்தை அழுதால் ஏதாவது ஓர் அறையில் யாராவது இருமுவார்கள். சரோஜா உடனே அவளைக் கிணற்றடிக்குத் தூக்கிப் போவாள், மார்பில் போட்டுக்கொள்வாள். கொஞ்சம் வளர்ந்ததும் உதட்டில் விரல் வைத்து 'உஷ்' என்று காட்டினாள். பதினோரு மாதத்தில் குழந்தை தன் உதட்டிலேயே விரல் வைத்தது. பார்த்தவர்களுக்கு ஒரே சிரிப்பு. ஒருவர் போட்டோ எடுத்தார். பசித்தால் முந்தானையை இழுப்பாள். தாகம் என்றால் உள்ளங்கையைக் குழித்துக் காட்டுவாள். அப்பா வேண்டுமென்றால் சுவரில் இரண்டு தட்டு. அந்த வீட்டில் அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. 'ரொம்ப சமத்து, இருக்கிற இடமே தெரியலை' என்று அறைக்காரர்கள் மெச்சினார்கள். சரோஜாவுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

1977 ஜூனில் அடி அண்ணாமலை பால்வாடி டீச்சர் ரேணுகாம்பாள் பிள்ளைகளின் பெயர் எழுத வந்தாள். கிரிவலப் பாதையில் இருந்த வீடுகளையெல்லாம் முடித்துக்கொண்டு இந்த ரோடு வரைக்கும் வந்திருந்தாள்.

"பாப்பா, உன் பேரு இன்னா?"

உண்ணாமலை உதட்டில் விரல் வைத்தாள்.

"வெக்கமா?"

"அவ பேசமாட்டாங்க" என்றாள் சரோஜா.

"பேசமாட்டாளா, பேச வராதா?"

ரேணுகாம்பாள் குழந்தைக்குப் பின்னால் போய்ச் சாவிக்கொத்தைக் கீழே போட்டாள். உண்ணாமலை சட்டென்று திரும்பினாள்.

"காது கேக்குதும்மா. வீட்ல யாரு ஊமை?"

"ஊமை யாரும் இல்லைங்க. அவங்க அப்பா பேசமாட்டாரு. மௌனம்."

"நீங்க?"

"நான் பேசுவேன்."

"யாருகிட்ட?"

சரோஜா யோசித்துப் பார்த்தாள். காய்கறிக்காரியிடம் பேசியது ஞாபகம் வந்தது. அது போன செவ்வாய்க்கிழமை.

ரேணுகாம்பாள் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். எந்த டாக்டரைப் பார்ப்பது என்று ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தாள். பத்து நாள் கழித்து சரோஜா குழந்தையோடு பஸ் ஏறினாள். சகாதேவன் பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டுத் திரும்பினான்.

டாக்டர் நடுவயது அம்மாள். மணி அடித்துப் பார்த்தார், மேளம் தட்டிப் பார்த்தார், முதுகுப் பக்கம் நின்று மெதுவாகப் பேசிப் பார்த்தார். மரக்கட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். உண்ணாமலை ஒன்பது கட்டைகளை நிறம்வாரியாகப் பிரித்து அடுக்கினாள். பிறகு டாக்டர் ஒரு பந்தைக் கொடுத்து, "வீட்ல எப்படி விளையாடுவீங்களோ அப்படி ரெண்டு பேரும் விளையாடுங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அம்மாவும் மகளும் பந்தை உருட்டி விளையாடினார்கள். குழந்தை சிரித்தாள். சரோஜாவும் சிரித்தாள். நன்றாகத்தான் விளையாடுகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம் ஆச்சு. நீங்க ஒரு வார்த்தைகூடப் பேசலையே, கவனிச்சீங்களா?"

சரோஜா கவனிக்கவில்லை. கையில் இருந்த பந்தைக் கீழே வைத்தாள்.

"உங்களைக் குத்தம் சொல்லலைம்மா. குழந்தைக்குப் புத்தி நல்லா இருக்கு, காதும் நல்லா இருக்கு. ஆனா பொறக்கும்போது மூளை பாதி வேலையோடதான் வருது. மீதி வேலை வீட்லதான் நடக்கணும். குழந்தை 'ங்கா'ன்னு சொன்னா நாம 'என்னடி கண்ணு'ன்னு கேக்குறோம். அது மறுபடி ஒண்ணு சொல்லுது. நாம மறுபடி பதில் சொல்றோம். இப்படி மாத்தி மாத்திப் பேசப் பேசத்தான் மூளைக்குள்ள பேச்சுக்கு வழி விழுது. புழங்காத வழி நாளாக ஆக அடைஞ்சிடும்."

"அடைஞ்சிடுச்சுங்களா?"

"மூணு வயசுதானே ஆகுது. இன்னும் காலம் இருக்கு. ஆனா முழுசா சரியாயிடும்னு என்னால எழுதித் தர முடியாது."

"ரேடியோ வாங்கி வெச்சா போதுங்களா?"

"ரேடியோ அவ முகத்தைப் பாக்குமா? அவ ஒண்ணு கேட்டா பதில் சொல்லுமா? நீங்கதான் பேசணும். அவங்க அப்பாவும் பேசணும். என்ன செய்றீங்களோ அதைச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. அவ என்ன சத்தம் போட்டாலும் பதில் சொல்லுங்க. முக்கியமா, வாயை மூடச் சொல்லாதீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே சரோஜா ஆரம்பித்தாள். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "அதோ பாரு, மாடு" என்றாள். யாரோ பேசுவதுபோல அவள் குரலே அவளுக்குக் கேட்டது. உண்ணாமலை பயந்துபோய்த் தன் உள்ளங்கையால் அம்மாவின் வாயைப் பொத்தினாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். சரோஜா அந்தக் கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "மாடு" என்று மறுபடி சொன்னாள். போளூர் வருவதற்குள் குழந்தை ஆறு ஏழு முறை வாயைப் பொத்திவிட்டது.

வீட்டில் டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் புருஷனிடம் சொன்னாள். அவன் கடைசிவரை கேட்டுவிட்டு சிலேட்டில், 'நீ பேசு. நான் குறுக்கே நிற்கவில்லை' என்று எழுதினான். தன்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

சரோஜா பேசினாள். அரிசி களையும்போது அரிசியைப் பற்றி, துணி பிழியும்போது துணியைப் பற்றி. பேச்சு சுலபத்தில் வரவில்லை. இரண்டு வாக்கியத்துக்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றுவிடுவாள். முதல் அறையில் மாசக்கணக்கில் தங்கியிருந்த ரிடையர்டு தாசில்தார் நாலாம் நாளே ஒரு துண்டுச்சீட்டு அனுப்பினார்: 'காலை தியான நேரத்தில் பெண்கள் பேச்சு அதிகமாகக் கேட்கிறது.'

அதனால் காலையில் வேலையை முடித்துவிட்டுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு அடி அண்ணாமலைக்கு நடக்க ஆரம்பித்தாள். உண்ணாமலை பால்வாடியில் மற்றப் பிள்ளைகளோடு இருப்பாள். பக்கத்துக் களத்தில் பொம்பளைகள் உட்கார்ந்து வேர்க்கடலை உடைப்பார்கள். கூலிக்கு சரோஜாவும் அவர்களோடு உட்கார்ந்தாள். பால்வாடி விட்டதும் குழந்தையும் களத்துக்கு வந்துவிடும். அங்கே வாய் ஓயவே ஓயாது. எல்லம்மாள் என்கிற பொம்பளை தன் மாமியார் கதையைத் தினமும் ஒரு துண்டாகச் சொல்வாள். கேட்பவர்கள் கடலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்பொறம்?" என்பார்கள். அவள் தொடர்வாள். உண்ணாமலை பேசுகிறவள் வாயையும் கேட்கிறவள் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆவணியில் ஒருநாள் எல்லம்மாள் கதையை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தாள். சொம்பைக் கீழே வைக்கும் நேரத்தில், கீழே இருந்து, கரகரப்பாக ஒரு குரல் வந்தது.

"அப்பொறம்?"

களத்தில் எல்லாரும் கையை நிறுத்தினார்கள். எல்லம்மாள்தான் முதலில் சுதாரித்தாள். குழந்தைக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்து, "அப்பொறம் இன்னாடி, என் மாமியாக்காரி சாவியத் தூக்கி இடுப்புல சொருகிக்கினா" என்று, பெரிய மனுஷிக்குச் சொல்வதுபோலவே, மீதிக் கதையைச் சொன்னாள். சரோஜா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. தா, வேணாம், கொட்டை, எல்லம்மா. ஆனால் வருவதெல்லாம் களத்தில்தான். திரும்பி வந்து கேட்டைத் தாண்டியதும் குழந்தை உதட்டில் விரல் வைத்துக்கொள்வாள். வீட்டுக்குள் அம்மா பேசினாலும் அவள் பேசமாட்டாள்.

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சகாதேவன் குடையை எடுத்துக்கொண்டு இவர்களைக் கூட்டிவர அடி அண்ணாமலை வரை போனான். களத்தை ஒட்டிய கொட்டகையில் எல்லாரும் ஒதுங்கியிருந்தார்கள். அவன் வெளியே நின்று குடையை மடக்கும்போது உள்ளே தன் மகளின் குரல் கேட்டது. எதையோ கேட்டு, "குடு, எனுக்குக் குடு" என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதில்லை. அப்படியே நின்றான். பிறகு உள்ளே போனான்.

உண்ணாமலை அவனைப் பார்த்தாள். கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு, உதட்டில் விரல் வைத்தாள்.

மழை குறைந்ததும் மூன்று பேரும் கிளம்பினார்கள். குழந்தை சரோஜாவின் தோளில் தூங்கிவிட்டது. கொஞ்ச தூரம் வந்த பிறகு சரோஜா பேசினாள்.

"பாத்தீங்களா? உங்களைக் கண்டா வாயை மூடணும்னு நெனைக்குது அது."

அவன் சட்டைப்பையைத் தடவினான். சிலேட்டு வீட்டில் இருந்தது.

"எழுத வேணாம். கேட்டா போதும். அன்னிக்கு வரப்புல நீங்க கத்தினது எனக்கும் கேட்டுச்சு. உங்க பேச்சால அண்ணன் செத்தாரு, அதனால பேசமாட்டேன்னு இருக்கீங்க. ஆறு வருஷமா நானும் ஒண்ணும் கேக்கலை. கோவத்துல சொன்னது கரண்ட்டுக்குக் காது கேட்டுச்சா? சரி, உங்க பேச்சாலதான் செத்தாருன்னே வெச்சிக்கலாம். இவ இன்னா பண்ணா? செத்தவருக்காக இவ ஏன் வாயைக் கட்டிக்கினு இருக்கணும்?"

அவன் நடந்துகொண்டே இருந்தான்.

"எல்லாரும் உங்களைக் கும்புடறாங்க. எனக்கு வேணாம் அது. டாக்டர் சொன்னாங்க, வழி அடைஞ்சிடும்னு. நான் ஒருத்தி பேசிப் பேசி எவ்ளோதான் தொறப்பேன்?"

தோளில் நழுவிய குழந்தையை ஏற்றிப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மறுநாள் காலை சகாதேவன் சொல்லாமல் கொள்ளாமல் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறினான். அங்கே என்ன நடந்தது என்று சரோஜாவுக்குச் சொன்னது அண்ணி தனம்தான், ஒரு மாதம் கழித்து.

"வந்து ஒக்காந்தாரு. அப்புறம் தொண்டையைச் செருமிக்கினு, 'அண்ணி, நான் பேசலாமா?'ன்னாரு. 'உங்களைப் பேச வேணாம்னு யாரு சொன்னது தம்பி?'ன்னேன். அன்னிக்குக் கழனில சொன்னதைச் சொல்லி அழுவறாரு. எனக்கு அது தெரியவே தெரியாது, சரோஜா. எங்க வீட்டுக்காரரு எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலை. சண்டை போட்ட அன்னிக்கு வீட்டுக்கு வந்தாரு, நாலு தோசை ஜாஸ்தியா துன்னாரு, படுத்துத் தூங்கிட்டாரு. அவ்ளோதான். இவரு பேசாம போனதும், நெலத்துல பங்கு சரியா வரலைன்னு எங்க மேல கோவம்னு நாங்க நெனைச்சிக்கினு இருந்தோம். 'ஆறு வருஷத்துல பசங்க எப்படி கீறாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?'ன்னு நல்லா கேட்டுவுட்டேன். தலையைக் குனிஞ்சிக்கினாரு."

இரண்டு நாள் அங்கே இருந்துவிட்டு அவன் திரும்பி வந்தான். சரோஜா சமையல்கட்டில் இருந்தாள். உண்ணாமலை கிணற்றடியில் புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் உட்கார்ந்தான். வாயைத் திறந்தான். முதலில் காற்றுதான் வந்தது. இருமினான்.

"இது புளியங்கொட்ட" என்றான்.

குழந்தை அந்த வாயைப் பார்த்தாள். முகம் கோணியது. எழுந்து சமையல்கட்டுக்கு ஓடி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அறைகளில் யாரோ இருமினார்கள். சரோஜா குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்; ஆனால் 'உஷ்' காட்டவில்லை. வாசற்படியில் நின்று, "அப்பாதான்டி. அப்பா பேசறாரு" என்றாள். சகாதேவன் கையில் ஒரு கொட்டையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

பயம் தெளிய ஒரு வாரம் ஆயிற்று. அவனுக்கும் குழந்தையிடம் பேசத் தெரியவில்லை. நோட்டீஸ் படிப்பதுபோலப் பேசுவான்: "இது வாளி. இது கயிறு. வாளியைக் கயிற்றில் கட்டுகிறோம்." சரோஜாவுக்குச் சிரிப்பு வரும். ஒருநாள் உண்ணாமலை கயிற்றைக் காட்டி, "பாம்பு" என்றாள். அவன் பதறி, "பாம்பு இல்லை, கயிறு" என்றான். அவள் மறுபடி, "பாம்பு" என்று சொல்லிச் சிரித்தாள். விளையாடுகிறாள் என்பது புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஆமா, பாம்பு. கடிக்கும்" என்றான். வீட்டுக்குள் அவள் சத்தமாகச் சிரித்தது அன்றுதான்.

தாசில்தார் அந்த மாதமே காலி செய்தார். போளூர் அம்மாள் அடுத்த பௌர்ணமிக்குப் பழத்தோடு வந்து, அவன் "வாங்க" என்று சொன்னதும் அதிர்ந்துபோனாள். "உங்களை நம்பித்தானே நான் இவ்ளோ தூரம் வந்துக்கினு இருந்தேன்" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று அறைகள் காலியாகக் கிடந்தன. மெட்ராஸ்காரர் நேரில் வந்து பார்த்துவிட்டு, அவற்றைக் குடும்பங்களுக்கு விட்டுவிடச் சொன்னார். பஸ் டிரைவர் ஒருவர் மூன்று பிள்ளைகளோடு குடிவந்தார். அதோடு இருமுகிறவர்கள் யாரும் இல்லாமல் போனார்கள்.

உண்ணாமலை ஒரு வருஷம் தாமதமாகத்தான் பள்ளிக்கூடம் சேர்ந்தாள். கணக்கு நன்றாக வந்தது. நடந்ததை வரிசையாகச் சொல்வது மட்டும் கஷ்டமாகவே இருந்தது. பாதி வாக்கியத்தில் வார்த்தை கிடைக்காமல் நிற்பாள். எதிரில் இருப்பவர்கள் பொறுக்காமல் அந்த வார்த்தையைத் தாங்களே எடுத்துக்கொடுத்துவிடுவார்கள். சரோஜா டீச்சரிடம் போய், "அவளே சொல்லட்டுங்க, கொஞ்சம் நேரமாகும், அவ்ளோதான்" என்று கேட்டுக்கொண்டாள். பத்து வருஷத்துக்கு அவள் எல்லா டீச்சரிடமும் இதையே சொல்ல வேண்டியிருந்தது.

1981இல் வேணு பிறந்தான். பிறந்த அன்றிலிருந்தே வீட்டில் ஆளாளுக்கு அவனிடம் பேசினார்கள். சகாதேவன் தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஊரில் என்ன மழை, எந்த அறைக்காரர் குழாயைத் திறந்துவிட்டுப் போனார் என்றெல்லாம் சொல்வான். குழந்தை 'ஊ' என்றால், "அதான்டா, நானும் அதைத்தான் சொன்னேன்" என்பான். ஒன்றே கால் வயதில் வேணு வார்த்தைகளைக் கோத்துப் பேசினான். அதைக் கேட்ட அன்று சரோஜா சந்தோஷப்பட்டாள். பிறகு துணி துவைக்கும்போது தனியாக அழுதாள். மூத்தவளுக்கு எது கிடைக்காமல் போயிற்று என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேணு அப்பாவின் மடியில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போது இரண்டு வயது. ஒன்பது வயது உண்ணாமலை சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நான் குட்டியா இருக்க சொல்ல எங்கிட்ட இன்னா பேசுவ?"

சரோஜா உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவான் என்றுதான் நினைத்தாள்.

"ஒண்ணும் பேசலை" என்றான் சகாதேவன்.

"ஏன்?"

அவன் வேணுவை இறக்கிவிட்டான். மோட்டார், கிணறு, அண்ணன், தான் கத்தியது, மூன்றாம் நாள் நடந்தது எல்லாவற்றையும் சொன்னான். எதையும் குறைக்கவில்லை. அவள் நடுநடுவே கேள்வி கேட்டாள். கேள்விக்கு வார்த்தை தேடி அவள் நின்றபோதெல்லாம் அவன் காத்திருந்தான். அடுப்பில் சோறு வெந்து, சரோஜா அதை வடித்தும்விட்டாள். அப்போதும் அவர்கள் முடிக்கவில்லை.

கடைசியில் உண்ணாமலை தரையைப் பார்த்தாள். "பெரியப்பா செத்ததுக்கு நீ..." என்று ஆரம்பித்து நின்றாள். உதடு அசைந்தது. வார்த்தை வரவில்லை. வேணு குறுக்கே ஏதோ சொல்ல வந்தான். சகாதேவன் அவன் தோளில் கை வைத்தான்.

"நீ எங்கிட்ட... பேசி... இருக்கலாம்."

"ஆமாம்மா" என்றான் அவன். "பேசியிருக்கணும்."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு, பசிக்கிறது என்று அம்மாவிடம் சொல்ல உள்ளே போனாள்.